குண்டாக, உருண்டையாக, கொஞ்சம் சாய்வாக: மக்கன் பேடா கடைக்கு எந்த எழுத்து?

அக்கா வீட்டுக்காரர் ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மக்கன் பேடா (குலாப் ஜாமூன் மாதிரி ஓர் இனிப்பு) கடை போடுகிறார். வேலூரில் நான் டிசைன் கடை வைத்திருப்பதால் போர்டு, டப்பா, கைப்பை, டெலிவரி வண்டிப் பெட்டி எல்லாம் என் தலையில்தான். மாமா சொன்னது ஒரே வரி: "எழுத்து குண்டா, உருண்டையா, கொஞ்சம் சாஞ்சு இருக்கணும்டா, பேடாவைப் பார்த்த மாதிரி." பேடா எங்கே சாய்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சொந்தக்காரர் வேலை, காசு எப்போது வரும் என்று தெரியாது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆனால் அவர் கேட்டது புரிந்தது. ஆங்கிலத்தில் அந்த மாதிரி எழுத்து நிறையவே உண்டு. 1922ல் சிகாகோவில் ஆஸ்வால்டு கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக்கைப் பார்த்திருப்பீர்கள், ஈஸிஜெட் விமானத்தின் மேல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற அந்தப் பூசின மாதிரி எழுத்து. அதற்கு ஒரு சாய்வுத் தம்பியும் உண்டு, கூப்பர் பிளாக் இட்டாலிக். அப்புறம் 2010ல் அர்ஜென்டினாக்காரர் பாப்லோ இம்பல்லாரி செய்த லாப்ஸ்டர், இலவசமாகக் கிடைத்ததால் உலகத்தில் இருக்கிற பாதி கஃபே போர்டுகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குண்டு என்றால் வயிறு நிறைந்த உணர்வு, உருண்டை என்றால் மென்மை, சாய்வு என்றால் கொஞ்சம் வேகம், கொஞ்சம் குஷி. தின்பண்டக் கடைக்கு மூன்றும் பொருந்தும், மாமா கேட்டதில் தப்பே இல்லை.

சிக்கல் தமிழில்தான். என் கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழ் எழுத்துருக்களில் இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. பலூ தம்பி குண்டு, உருண்டை, ஆனால் நிமிர்ந்து நிற்கும். காய்னியும் அப்படித்தான். அரிமாவுக்கு முனை மென்மை, ஆனால் அதற்கும் சாய்வு கிடையாது. தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர் அழகாகச் சாய்ந்திருக்கும், ஆனால் ஒல்லி, ஒரே எடை, அதாவது ஒரே தடிமனில்தான் கிடைக்கும். ஆகவே எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது நாமே செய்ய வேண்டும். என் முன்னால் நாலு வழி இருந்தன, நாலையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். இதே மாதிரி வேலை கையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வழி, எல்லோரும் செய்வது. பலூ தம்பியை எடுத்துக் கோரல்ட்ரா என்கிற வரையும் மென்பொருளில் தட்டச்சு செய்து, கர்வ் ஆக்கி (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி), மேல் நடுப்புள்ளியைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிடுவது. பத்து நொடி வேலை. பலூவைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மும்பை ஏக் டைப் கூட்டம் 2016 வாக்கில் இந்தியாவின் பல எழுத்துகளுக்கும் சேர்த்துச் செய்த குடும்பம் அது. தமிழுக்குத் தம்பி, தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, மலையாளத்துக்குச் சேட்டன், வங்காளத்துக்குத் தா, உருதுக்குப் பாயிஜான் என்று அண்ணன் தம்பி முறையாகவே பெயர் வைத்திருப்பதிலேயே ஒரு கிண்டல். எங்கள் ஊருக்கு இது எவ்வளவு தோது என்று யோசித்துப் பாருங்கள்: சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காளத்தில் போர்டு வேண்டும், சித்தூர் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கு வேண்டும், ஆம்பூர், வாணியம்பாடி போனால் உருது வேண்டும், எல்லாம் ஒரே தடிமனில் ஒரே முகச்சாயலில் கிடைக்கிறது. இரண்டாம் பதிப்பில், அதாவது பலூ தம்பி 2ல், சாதாரண எடையிலிருந்து மிகத் தடி வரை ஐந்து எடைகள் வேறு. திறந்த உரிமம், கடைக்குப் பயன்படுத்தக் காசு கேட்க மாட்டார்கள், எழுத்துருவையே தனியாக விற்காமல் இருந்தால் போதும்.

அவ்வளவு நல்ல எழுத்தை இழுத்துச் சாய்த்தால் என்ன ஆகும்? ஒரு வட்டத்தை வரைந்து அதை 12 டிகிரி சாய்த்துப் பாருங்கள். வட்டம் முட்டையாகிவிடும், அதுகூடப் பரவாயில்லை. கோட்டின் தடிமன் கெட்டுப்போகும். வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் பத்து சதவீதம்போல் தடிக்கும், இடது மேலும் வலது கீழும் அதே அளவுக்கு இளைக்கும். 20 டிகிரிக்குப் போனால் தடித்த இடம் இருபது சதவீதம் வரை ஏறிவிடும். ஆங்கிலத்தில் நேர்க்கோடு அதிகம், அதனால் இந்தக் கோணல் பாதி மறைந்துவிடும். தமிழில் சுழிதானே எழுத்தே. க-வின் சுழி, ன-வின் சுருள், கொம்பின் வளையம் என்று எங்கே பார்த்தாலும் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் வற்றி, உருண்டை முனைகள் எல்லாம் யாரோ கட்டை விரலால் அழுத்தின மாதிரி ஆகிவிடுகின்றன. உருண்டை வேண்டும் என்றுதானே அந்த எழுத்தையே எடுத்தோம்?

மக்கன் பேடா என்ற பெயரையே கிட்டத்தில் பார்ப்போம். முதலில் அந்தப் புள்ளி. நேராக நிற்கிற க் மேல் புள்ளி நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். சாய்க்கும்போது உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும், புள்ளி எழுத்துக்கு மேலே இருப்பதால் எல்லாவற்றையும்விட அதிகமாக வலது பக்கம் ஓடிவிடும். அடுத்ததும் ஒரு க. புள்ளி இரண்டு க-வுக்கும் நடுவில் போய், எந்தக் க-வுக்குச் சொந்தம் என்று தெரியாமல் தொங்கியது. கையால் பிடித்து இடது பக்கம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. இதை யாரும் செய்வதில்லை, ரோட்டில் போகும்போது கவனித்துப் பாருங்கள், சாய்த்த போர்டுகளில் பாதிக்குப் பாதி புள்ளி அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்.

அடுத்து பே. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே இருக்கிற ஒரு சின்னச் சுழி. குண்டு எழுத்தில் அந்தச் சுழியின் ஓட்டை ஏற்கெனவே கடுகு அளவு. சாய்த்தால் அது கீற்றாகச் சுருங்கும். போன வருஷம் வேறு ஒரு கடைக்கு இப்படிச் சாய்த்த எழுத்தைத் துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் போடக் கொடுத்தேன், மை அந்த ஓட்டையில் இறங்கி அடைத்துக்கொண்டு, பேக்கரி எல்லாம் பெக்கரி ஆகி வந்தது. அச்சடித்தவர்மேல் தப்பு சொல்ல முடியாது, நான் கொடுத்த எழுத்தில் ஓட்டையே இல்லை. ஆனாலும் அவர் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பிறகு ட. அது வெறும் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும். நிமிர்ந்த கோட்டைச் சாய்த்தால் அந்த எழுத்தைத் தாங்க வலது பக்கம் ஒன்றுமே இல்லை, பஸ் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காத ஆள் மாதிரி முன்னால் விழப்போகிறது. ப-வுக்கு இரண்டு பக்கமும் கால் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. பெயரில் ட, ப, ம போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் இருந்தால்தான் சாய்வே கண்ணுக்குத் தெரியும், அதே எழுத்துகளில்தான் அது உறுத்தவும் செய்யும். இ, ஒ, ஞ மாதிரி முழுக்கச் சுருண்ட எழுத்துகள் வந்தால் சாய்வு தெரியாது, எழுத்து சும்மா கவிழ்ந்த மாதிரி இருக்கும். இன்னொன்று ர. அதன் காலில் இருக்கிற சின்னக் கோணல் கோடு ஒன்றுதான் அதைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. குண்டு உருண்டை எழுத்தில் அந்தக் கோடு ஒரு மொட்டையாகக் குறைந்துவிடுகிறது, சாய்த்தபின் ர எது, கால் எது என்று தேட வேண்டும். மாமா கடைப் பெயரில் ர இல்லை, தப்பித்தோம். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் கார்டன் என்று பெயர் வைப்பவர்கள் ஜாக்கிரதை.

சரி, இரண்டாம் வழி கவிவாணர். இது சாய்வாகவே பிறந்த எழுத்து, அதனால் மேலே சொன்ன கோணல் எதுவும் இல்லை, புள்ளி தன் இடத்தில் இருக்கிறது, ட விழவில்லை. ஒல்லியாக இருப்பதற்கு வைத்தியம், அவுட்லைன் கொடுத்துத் தடிக்க வைப்பது, மூலைகளை உருண்டை என்று வைத்தால் முனையும் மென்மையாகும். மூன்றும் கிடைத்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் அவுட்லைன் வெளியே எவ்வளவு வளர்கிறதோ உள்ளேயும் அவ்வளவு வளர்கிறது. 4 மி.மீ. அவுட்லைன் போட்டால் வெளியே 2 மி.மீ., உள்ளே ஓட்டையில் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. மறுபடியும் அந்தப் பே-யின் சுழி மூச்சுத் திணறுகிறது. கொஞ்சம் தடிக்க வைக்கலாம், பேடா அளவுக்குக் குண்டாக்க முடியாது. கவிவாணருக்கு என்று ஒரு இடம் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி, டப்பா மூடிக்குள் ஒரு சின்ன வாசகம், அங்கே அது கையால் எழுதின மாதிரி அவ்வளவு இயல்பாக இருக்கும். பன்னிரண்டு அடி போர்டுக்கு அதை இழுத்துக்கொண்டு வருவது பாவம்.

மூன்றாவது வழிக்குத்தான் நான் கொசப்பேட்டைப் பக்கம் போனேன். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், லாரிக்கும் தனியார் பஸ்ஸுக்கும் பெயர் எழுதியவர், ஃப்ளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்து இப்போது கோயில் உபயப் பலகையும் நம்பர் பிளேட்டும். பழைய பஸ்களின் நெற்றியில் பெயர் சாய்ந்து ஓடுமே, அந்தக் கை. கேட்டதும் சுவரில் இரண்டு பக்கமும் ஆணியில் நூலைக் கட்டி, சாக் தடவி, சுண்டிவிட்டார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சாய்வுக்கு அளவுகோல் எதுவும் இல்லை, முதல் ம-வின் இடது கோட்டைப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு இணையாகக் கண்ணாலேயே போட்டார். ட வந்ததும் நின்றார். "தம்பி, இதைச் சாய்க்கிறதுக்குப் பதிலா அடியை நீட்டணும்" என்று படுத்த கோட்டை வலது பக்கம் நீட்டி, நுனியைக் கொஞ்சம் மேலே தூக்கி, அதைத் துணைக்காலின் அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோய் முடித்தார். விழப்போன எழுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. பே-யின் கொம்பை மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு ஓட்டையைத் திறந்துவிட்டார். நான் அரை நாள் மவுஸைப் பிடித்துக்கொண்டு செய்ததை அவர் டீ ஆறுவதற்குள் செய்தார்.

அப்புறம் கீழே "விற்பனை நிலையம்" என்று எழுதச் சொன்னேன். னை-யையும் லை-யையும் அந்தப் பழைய யானைத் தும்பிக்கை வடிவத்தில் எழுதினார். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டு இத்தனை வருஷம் ஆகியும் அவர் கை மாறவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் மாமா கடைக்கு வரும் பிள்ளைகள் "அது என்ன எழுத்து" என்று கேட்பார்கள், அதனால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

கை எழுத்தில் குறை என்ன? எழுதிய ஆறு எழுத்துதான் கையில் இருக்கும். நாளைக்கு மாமா பாதாம் அல்வா சேர்த்தால் அதே எழுத்தில் மறுபடி எழுத அவரிடம்தான் போக வேண்டும், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நேரடியாகப் போர்டில் எழுதினால் அந்தப் போர்டோடு முடிந்தது, டப்பாவுக்கும் பைக்கும் வராது. அதனால் யாரையாவது எழுத வைக்கிறீர்கள் என்றால் சார்ட் பேப்பரில் கறுப்பு மையில் எழுத வாங்கி, நேராக நின்று போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ட்ரேஸ் செய்துகொள்ளுங்கள். ஆட்டோ ட்ரேஸ் வேண்டாம். அது ஒரு வளைவுக்கு முப்பது நோட் (கோட்டைப் பிடித்து வளைக்கிற புள்ளி) வைக்கும், வினைல் வெட்டும் பிளாட்டர் ஒவ்வொரு நோடிலும் தயங்கித் தயங்கிப் போய் ஓரம் எல்லாம் பல் பல்லாக வரும். கையால் நோட் வைத்தால் ஒரு சுழிக்கு நாலு போதும்.

நாலாவது வழி நானாகக் கண்டுபிடித்தது என்று பெருமை அடிக்க ஆசைதான், ஆனால் ஆங்கில எழுத்து வரைபவர்கள் காலங்காலமாகச் செய்வது. எழுத்தின் உடம்பைச் சாய்க்காமல் எலும்பைச் சாய்ப்பது. அதாவது தடிமனே இல்லாத ஒற்றைக் கோட்டில் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் வரைந்துகொள்ள வேண்டும், அதைச் சாய்க்க வேண்டும், அதன்பின் அந்தக் கோட்டுக்குத் தடிமன் கொடுத்து முனையையும் மூலையையும் உருண்டை என்று வைக்க வேண்டும். தடிமன் சாய்வுக்குப் பிறகு வருவதால் எங்கேயும் வீங்காது, வற்றாது, முனை கச்சிதமான அரைவட்டமாக நிற்கும். குண்டு எவ்வளவு வேண்டும் என்பது ஒரு எண்தான், மாற்றிக்கொண்டே பார்க்கலாம், ஓட்டை அடைக்கிறது என்றால் குறைக்கலாம். திருப்தியானதும் கண்ட்ரோல் ஷிஃப்ட் கியூ, கோடு பொருளாகிவிடும், பிளாட்டருக்குத் தயார்.

இந்த வழியில் இன்னொரு லாபம் இருக்கிறது. இப்போதெல்லாம் எல்லோரும் கேட்கிற நியான் மாதிரியான எல்.இ.டி. குழாய் எழுத்துக்கு வேண்டியது அந்த எலும்புக்கோடுதான். குழாய்க்குத் தடிமன் தானாகவே ஒன்று, முனை தானாகவே மழுங்கல். போர்டுக்குப் போட்ட அதே கோட்டைக் கொடுத்தால் கடைக்குள் சுவரில் மாட்டும் நியானும் அதே முகத்தோடு வரும். குறை, கோடு முழுக்க ஒரே தடிமன் என்பதால் பெரியவர் கையில் இருந்த அந்த மூச்சு, அழுத்தி ஆரம்பித்து இழுத்து முடிக்கிற அது, இதில் கிடையாது. கொஞ்சம் பொம்மைத்தனம். பேடாவுக்குப் பொம்மைத்தனம் குற்றமில்லை என்பது என் கட்சி.

எவ்வளவு சாய்க்கலாம் என்று கேட்பார்கள். மாமா போர்டு 12 அடிக்கு 4 அடி, ஏ.சி.பி. ஷீட், அதாவது அலுமினியம் ஒட்டின பலகை. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக, அதற்குக் கீழே ஆங்கிலம், அதன்பின் மற்ற மொழி, 5:3:2 என்று கணக்கு. அதன்படி தமிழ் 20 அங்குல உயரம், ஆங்கிலம் 12 அங்குலம் வைத்தேன். 20 அங்குல எழுத்தை 10 டிகிரி சாய்த்தால் தலை மூன்றரை அங்குலம் முன்னால் போகும், 15 டிகிரி என்றால் ஐந்தரை, 20 என்றால் ஏழுக்கும் மேல். ஏழு அங்குலம் நகர்ந்தால் போர்டின் இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் முக்கோணமாக வெறும் இடம் விழும், கணினி நடுவில் வைத்தாலும் கண்ணுக்கு ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரியும். டெலிவரி வண்டிக்கு, டிராவல்ஸுக்கு 15 போகலாம், ஓடுகிற பொருளில் சாய்வு அழகு. ஒரே இடத்தில் நிற்கிற கடைக்கு 10ஐத் தாண்ட வேண்டாம். நான் 9ல் நிறுத்தினேன்.

தடிமனுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. பகலில் பார்த்து இன்னும் குண்டாக்கலாம் என்று தோன்றும். இரவில் அக்ரிலிக் எழுத்துக்குப் பின்னால் எல்.இ.டி. எரியும்போது வெளிச்சம் ஓரத்தைத் தாண்டிப் பரவி எழுத்து தானாகவே ஒரு சுற்றுப் பெருக்கும், ஓட்டைகள் மூடிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்கு ராத்திரி வியாபாரம்தான் முக்கியம், ஆகவே பகலில் கொஞ்சம் பசியோடு இருக்கிற மாதிரி வைத்தேன். எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதற்குப் பத்து அடிக்கு ஒரு அங்குலம் என்று தொழிலில் சொல்வார்கள், எதிர்ப்பக்கம் 50 அடி என்றால் குறைந்தது ஐந்து அங்குல எழுத்து. அது சாதாரண எழுத்துக்கு. சுழி அடைபடுகிற குண்டு எழுத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், இது என் சொந்தக் கணக்கு.

உருண்டை எழுத்துக்கு வேலைப்பட்டறையிலும் மரியாதை உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டுகிற சி.என்.சி. ரவுட்டரில் 3 மி.மீ. பிட் போட்டு வெட்டினால் உள்மூலை எவ்வளவு கூர்மையாக வரைந்திருந்தாலும் ஒன்றரை மி.மீ. உருண்டுதான் வரும், கூர் எழுத்து கொடுத்தவர் "மூலை மழுங்கிவிட்டது" என்று சண்டைக்குப் போவார், உருண்டை எழுத்து கொடுத்தவருக்குச் சண்டையே இல்லை. வண்டியில் ஒட்டும் வினைலிலும் கூர்மையான நுனிதான் முதலில் உரியும், எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கோடை போதும். உருண்டை நுனி ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் அக்ரிலிக்கில் புள்ளி தனித் துண்டு, அதற்குத் தனி வயர், தனிக் கம்பி. மக்கன் என்ற சொல்லில் மட்டும் இரண்டு. விலை பேசும்போதே புள்ளியையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஆங்கில வரிக்கு ரொம்ப யோசிக்கவில்லை. லாப்ஸ்டர் போட்டுப் பார்த்தேன், உடனே யாரோ நடத்துகிற கேக் கடை மாதிரி ஆகிவிட்டது. கூப்பர் பிளாக் இட்டாலிக் தமிழோடு சரியாகச் சேர்ந்தது, ஆனால் அதன் தடி மெல்லிசு மாறிக்கொண்டே இருக்கும், என் தமிழ் ஒரே தடிமன், பக்கத்தில் வைத்தால் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தனித்தனியாக உட்கார்ந்த மாதிரி. அதனால் ஆங்கிலத்தையும் எலும்புக்கோட்டிலேயே போட்டுவிட்டேன், பத்து எழுத்துதானே. ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: ஆங்கிலத்தில் உண்மையான இட்டாலிக் என்றால் எழுத்தின் வடிவமே மாறும், 1501ல் வெனிசில் ஆல்டஸ் மனூஷியஸ் புத்தகம் போட்டபோது அது வேகமாக எழுதும் கையெழுத்திலிருந்து வந்தது. தமிழில் அப்படி இரண்டாவது வடிவம் என்று ஒரு வழக்கம் வளரவில்லை, நமக்கு இட்டாலிக் என்றால் அதே எழுத்தைச் சாய்ப்பதுதான். அதனால் ஆங்கில இட்டாலிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே டிகிரிக்குத் தமிழையும் இழுத்து ஜோடி சேர்க்காதீர்கள், தமிழ் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே நிற்கட்டும், கண்ணுக்குச் சமமாகத் தெரியும். உருது சேர்க்கிற கடை என்றால் இன்னொரு தலைவலி, அது வலமிருந்து இடம் போவது, நம் சாய்வு அதற்கு எதிர்த்திசை. அங்கே உருதுவை நிமிர்ந்தே விட்டுவிடுவது நல்லது.

எங்கே இந்த எழுத்தே வேண்டாம்? மெடிக்கல் ஷாப்பில் வேண்டாம். சி.எம்.சி. சுற்றி எங்கெங்கிருந்தோ வந்து மருந்துச் சீட்டோடு அலைகிறவர்களுக்குக் குஷியான எழுத்து தேவையில்லை, தெளிவாக நிமிர்ந்து நிற்கிற எழுத்து போதும். வக்கீல் போர்டில் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் ஒருமுறை குண்டு இட்டாலிக்கில் பெயர் போட்டிருந்ததைப் பார்த்தேன், இறந்துபோன பெரியவர் ஐஸ்கிரீம் விற்கிற மாதிரி இருந்தது. போன் நம்பர், விலை, முகவரி, இதிலெல்லாம் எங்கேயுமே வேண்டாம்.

மாமாவுக்குக் கடைசியில் கொடுத்தது இதுதான். கடைப் பெயர் மட்டும் சாய்வு. அதன் எலும்பு பெரியவர் சார்ட்டில் போட்டுக் கொடுத்ததிலிருந்து எடுத்தது, நீட்டிய ட-வும் பெருத்த கொம்பும் அப்படியே. உடம்பு நான் கோரலில் கொடுத்தது. மற்ற வரிகள் எல்லாம் பலூ தம்பி 2, நடுத்தர எடை, நிமிர்ந்து. பாதாம் அல்வா வந்தாலும் அது பலூவில்தான் வரும், மாமாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். பலகை செய்கிறவரிடம் பழைய கோரல்தான் இருந்தது, யூனிகோடு தமிழை அப்படியே அனுப்பியிருந்தால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போயிருக்கும், எல்லாவற்றையும் கர்வ் ஆக்கித்தான் அனுப்பினேன். நேரமும் காசும் இல்லாதவர்களுக்கு என் யோசனை, பலூ தம்பியைச் சாய்க்காமல் அப்படியே வைத்துவிடுங்கள், சாய்வு இல்லாததை ஒருவரும் கேட்கப்போவதில்லை, கோணிப்போன சாய்வைத்தான் பார்ப்பார்கள். சாய்வு வேண்டியே தீரும் என்று சொந்தக்காரர் நின்றால் மட்டும் எலும்புக்கோட்டுக்கு இறங்குங்கள்.

போன வெள்ளிக்கிழமை போர்டு ஏற்றினோம். மாமா ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் ஜூஸ் கடை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அங்கிருந்தே கத்தினார்: "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் சாஞ்சிருக்கலாம்!" ஏணியில் இருந்த பையன் போர்டைச் சாய்க்கவா என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.